பழவேற்காடு: பொய் சொல்லாத ஒருவரோடு அரை நாள்

பொங்கல் விடுமுறை முடிந்து மகள் புனேவுக்குத் திரும்பிய மறுநாளே வீடு தாங்க முடியாத அளவுக்கு அமைதியாகிவிட்டது. அலுவலகத்துக்கு இன்னும் ஒரு நாள் விடுப்பு பாக்கி இருந்தது. தை மாதம் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் நிறைய வரும் என்று பல வருடங்களாகக் கேள்விப்பட்டு, போகாமலே இருந்தேன். வழக்கமாக என்னோடு வரும் தோழிக்கு முழங்கால் வலி. சரி, தனியாகவே போய் வரலாம் என்று கிளம்பிவிட்டேன். தனியாகப் பயணம் போகும் பெண்கள் இந்தப் பக்கத்தை நிறையப் பேர் படிக்கிறீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை.

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து காலை ஆறரை மணிக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி. பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட், ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கூட்டம் எல்லாம் எதிர்த் திசையில்தான் வருகிறது. ஜன்னலோர இடம் தாராளமாகக் கிடைத்தது. நிலையத்துக்கு வெளியே இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். அதையும் தாண்டி ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்துக்கு நானூற்றைம்பது ரூபாய் பேசினேன். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் ஊருக்குள் போகாது. கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் படிக்கும்போது புரியும்.

"இன்னா மேடம், பறவ பாக்கத் தனியாவா வந்தீங்க?" என்று ஆட்டோக்காரர் வழியில் ஒருமுறைதான் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

கரையில் இறங்கியபோது மணி எட்டே முக்கால். காற்று சில்லென்று இருந்தது. தண்ணீர் ஓரமாக ஒருவர் தனியாக நின்று, இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் அவரைக் கடந்து போனார்கள். "வணக்கண்ணே" என்றார். அவர்கள் காதில் விழாததுபோல் போனார்கள். அடுத்து எங்கள் ஆட்டோவைப் பார்த்தும் "வணக்கண்ணே" என்றார். ஆட்டோக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் நான் "வணக்கம்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடியும் பார்த்தார்.

"மேடம், அந்தாளாண்ட பேச்சு வச்சிக்காதீங்க," என்றார் ஆட்டோக்காரர் தாழ்ந்த குரலில். "ஊருல யாரும் பேசறதில்ல."

"ஏன்?"

"அது ஊர் விஷயம் மேடம். திரும்பறப்போ போன் பண்ணுங்க, வந்துடறேன்."

படகுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்காக யாரும் படகு எடுக்கத் தயாராக இல்லை. எட்டுப் பேர் சேர்ந்தால் போகலாம் என்றார்கள். அன்று வார நாள். எட்டுப் பேருக்கு எங்கே போவது? கடைசியில் அந்த மனிதரிடமே போய்ப் பூநாரைகளை எங்கிருந்து பார்க்கலாம் என்று கேட்டேன்.

"நடந்தே போலாம் மேடம். முட்டித் தண்ணிதான். நான் அந்தப் பக்கம்தான் இறால் தடவப் போறேன். வர்றீங்களா?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஆட்டோகாரரு என்னைப் பத்தி சொல்லியிருப்பாரே?" என்றார்.

"பேச வேண்டாம் என்று சொன்னார்."

"ஆமா. அது வாஸ்தவம்தான்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அடியில் மெத்தென்ற சேறு. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் நடுவே ஒரு மணல் திட்டு. அதற்கு அந்தப் பக்கம் பூநாரைகள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, நூற்றுக்கணக்கில் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலர் இல்லாமலே நன்றாகத் தெரிந்தது. நான் திட்டில் உட்கார்ந்தேன். அவர் அருகிலேயே குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கத் தொடங்கினார். வலையும் படகும் இல்லாதவர்கள் செய்கிற வேலை அது. முதுகு ஒடிந்துவிடும். அவருக்குப் படகுத் தொழில் தெரியும் என்பது நடையிலேயே தெரிந்ததால், ஏன் படகில் போகவில்லை என்று கேட்டேன்.

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. குனிந்தபடியே, விட்டுவிட்டுச் சொன்னார். நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஏழுமலை. மனைவி கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து இவரும் ஞானஸ்நானம் எடுத்து பேதுரு ஆனார். "அப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. கோயில் வரி கேட்டாங்க, கட்டினேன். அண்ணன் படகுலதான் போய்க்கினு இருந்தேன். இப்ப ரெண்டு பேருல எந்தப் பேரச் சொல்லியும் யாரும் கூப்பிடறதில்ல."

ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு ஊர் முறை ஒன்று உண்டு. பாடு என்கிறார்கள். பாடு தகராறில் ஒருநாள் பக்கத்து ஊர்க்காரர்களோடு அடிதடி. பேதுருவின் அண்ணன் துடுப்பால் ஓங்கி அடித்ததில் அந்த ஊர் வாலிபன் ஒருவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அடித்தது யார் என்று யாரும் பார்க்கவில்லை எனச் சொல்லிவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. வழக்கு பொன்னேரி கோர்ட்டில் நடந்தது. பேதுரு சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"பாக்கலனு சொல்லணும்னுதான் மேடம் ஏறினேன். நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல. கடவுள் மேல ஆணையா உண்மை சொல்றேன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம் பொய் சொல்ல வாய் வரல. எங்க அண்ணன்தான் அடிச்சாருனு சொல்லிட்டேன். அண்ணன் எதிர்லயே நின்னுகினு இருந்தாரு."

அண்ணனுக்கு இரண்டு வருடம் சிறை. அவர்களுடைய அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். பேதுருவை வளர்த்து, தண்ணீரில் இறக்கி, நீந்தக் கற்றுக்கொடுத்தது எல்லாம் அண்ணன்தான். சிறைக்குப் பார்க்கப் போனால் அவர் வெளியே வருவதில்லை. ஊரில் இவருக்குப் பாடு கிடையாது. வியாபாரி இவர் பிடித்ததை எடுப்பதில்லை. பழவேற்காடு மார்க்கெட்டுக்கு நடந்து போய் விற்கிறார். குழாயடியில் மற்ற பெண்கள் விலகி நிற்கத் தொடங்கியதும், மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

"அவ மேல தப்பு இல்ல மேடம். கோர்ட்டுல சொன்னது நானு. அவ ஏன் தலை குனிஞ்சி நிக்கணும்?"

"நீங்களும் மீஞ்சூருக்குப் போயிருக்கலாமே?"

கையைச் சேற்றிலிருந்து எடுக்காமலே சொன்னார். "பாஸ்டர்கூட அத்தத்தான் சொன்னாரு. போயிட்டா கோவத்துல போன மாதிரி ஆயிடும் மேடம். எனக்கு இவங்க மேல கோவம் இல்ல. இங்க இருந்தாத்தானே அது தெரியும்? கோர்ட்டுல சொன்னது பத்து நிமிஷம். அது ஒண்ணும் பெருசில்ல. தெனம் காலைல எழுந்து கதவத் தொறந்து வெளிய வரணும் பாருங்க, அத்த நெனச்சாத்தான் பயமா கீது. சில நாள் படுத்துகினே இருக்கலாம்னு தோணும். ஜெபம் பண்ணிட்டு எழுந்துடுவேன்."

நான் பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, ஆனால் அந்த இடத்தில் சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. என் விசுவாசம் இதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைத்தான். அதையும் நான் எல்லா வாரமும் கொடுத்ததில்லை. பூநாரைகளைப் பார்க்க வந்தவள், பிறகு அவற்றை அதிகம் பார்க்கவில்லை.

பதினோரு மணி சுமாருக்குக் கரைக்குத் திரும்பினோம். கூடையிலிருந்த இறாலைப் பாதிக்குப் பாதி பிரித்து, நல்லதாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டார். வழி காட்டியதற்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாளியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த நீல வீட்டு வாசல்ல கருவாடு காய வைக்கறாங்களே, அவங்க எங்க அண்ணி. ரெண்டு புள்ளைங்க. தெனம் கொண்டுபோய் வாசல்ல வைக்கறேன். எடுத்துக் காக்காய்க்குப் போட்டுடுவாங்க. நீங்க குடுத்தா வாங்குவாங்களோ இன்னாவோ."

"நான் விலைக்கு வாங்கினேன், ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று கொடுத்துவிடுகிறேன்," என்றேன்.

"அது வேணாம் மேடம். கேக்கலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க. யாரு குடுத்ததுனு கேட்டா என் பேரச் சொல்லிடுங்க."

அந்த அம்மாவுக்கு என்னைவிட வயது சற்றுக் குறைவாக இருக்கும். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் வாளியை எட்டிப் பார்த்தார். "நல்ல எறா. இன்னா, விக்கறீங்களா?"

"இல்லம்மா. பிள்ளைகளுக்கு."

"யாரு குடுத்தாங்க?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அன்று ராத்திரி அந்த வீட்டில் குழந்தைகள் இறால் குழம்பு சாப்பிட்டிருப்பார்கள். "பேதுரு கொடுத்தார்," என்றேன்.

கருவாட்டின் மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து, வாளியை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நீங்க வாங்கினதுனு சொல்லியிருந்தா எடுத்துகினிருப்பேன்கா. புள்ளைங்க எறா தின்னு ரொம்ப நாளாச்சி."

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அரைக் கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு, போனில் பணம் அனுப்ப அவர் நம்பரை வாங்கினேன். கிளம்பும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்தியானத்துக்குச் சோறு ஆக்கறாராமா, இல்ல டீயும் பன்னுமா தின்னுகினு கெடக்கறாரா?"

"தெரியலம்மா. கேட்கலையே."

"ஒடம்பு எளைச்சிப் போச்சி. நான் கேட்டேன்னு அவராண்ட சொல்லாதீங்கக்கா." (இதை எப்படி இங்கே எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.)

வாளியோடு திரும்பி வரும் என்னைப் பார்த்ததும் பேதுருவுக்குப் புரிந்துவிட்டது. "கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"நல்லது மேடம்." வாளியை வாங்கிக்கொண்டார். "வேற ஒண்ணும் சொல்லலயா?"

இல்லை என்று சொல்லிவிட எனக்குச் சுலபம். ஆனால் அந்த மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. "ஒண்ணு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். "திட்டா?"

"திட்டு இல்லை."

"அப்படின்னா சொல்லாதீங்க," என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பொன்னேரி, இரண்டரைக்குள் வீடு. திரும்பும் வண்டியில் என் பெட்டியில் நாலு பேர்தான். யாரும் யாரோடும் பேசவில்லை. இதற்கு முன் அதை நான் கவனித்ததே இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். மற்ற மாதங்களில் வெயில் தாங்காது. காலை ஒன்பது மணிக்குள் ஏரியில் இருப்பது நல்லது. படகு வேண்டுமானால் குழுவாகப் போங்கள், அல்லது சனி ஞாயிறுகளில் போங்கள், ஆள் சேரும். முழங்கால் வரை நனையும் என்பதால் மாற்றுடை, ஒரு தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். கழிப்பறைக்குப் பழவேற்காடு கடைத்தெருவில் உள்ள ஓட்டல்தான் கதி, கிராமத்துக்குள் போவதற்கு முன்பே போய்விடுங்கள். பறவைகளுக்கு அருகில் போய் விரட்டிப் படம் எடுக்காதீர்கள். ஆட்டோ, வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்குத் திரும்பிவர ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பேதுருவுக்குக் கொடுத்ததும் கருவாடும் தனி.

இந்தக் கட்டுரையை எழுதி, வெளியிடாமல் வைத்திருந்தேன். பங்குனியில் மறுபடி கருவாடு வேண்டுமென்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தபோது, அவர் கணவர் விடுதலையாகி வந்துவிட்டதாகச் சொன்னார். வந்த அன்று சாயங்காலமே பேதுரு வாசலுக்கு வந்தாராம்.

"உள்ளார வரல. ஒண்ணும் பேசல. வாசல்ல நின்னாரு. இவரு உள்ள சோறு தின்னுகினு இருந்தாரு. ஊருல எல்லாரும் வேடிக்க பாக்கறாங்க."

"உங்க வீட்டுக்காரர் அடிக்க வந்தாரா?"

"இல்ல. இருட்டற வரைக்கும் அவரு நின்னாரு. இவரு தின்னாரு. அப்பால அவரு போயிட்டாரு. மறுநாளும் வந்து நின்னாரு."

நான் எழுதி வைத்திருப்பதைச் சொல்லி, அன்று அவர் கேட்டதையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோங்கக்கா. ஊரு பேரு வேணாம். இனிமே அவராண்டயும் சொன்னா பரவால்ல," என்றார். பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், "ரெண்டு நாளும் இவரு கதவச் சாத்துடின்னு சொல்வாருனு பாத்துகினே இருந்தேன். சொல்லல," என்றார்.