வாளிக்காரர் தட்டிய தாளம்

ஆராய்ச்சிக்கூடத்துப் பதிவேட்டில் அவருக்கு 'விலங்குப் பராமரிப்பு உதவியாளர், நிலை மூன்று' என்று பட்டம் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பன்றிகளுக்குப் பசித்துவிடும் என்பதால் எல்லோரும் வாளிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இருபது வருஷமாக ஒரே தகர வாளி. அந்தக் கூடத்தில் அதைவிட அதிகம் நெளிந்திருந்தது அவருடைய முதுகு மட்டும்தான்.

அவர் பொறுப்பில் பன்னிரண்டு பன்றிகள். ஆறு சாதாரணப் பிறவிகள். மற்ற ஆறும் பெரிய இடம்: மனிதர்களின் கையை நடுங்க வைத்து நடையை முடக்கும் நோய் ஒன்றின் மரபணுவைக் கருவிலேயே வாங்கிக்கொண்டு பிறந்தவை. பன்றி மூளையும் நம் மூளைபோலவே மடிப்பு மடிப்பாக இருக்கும் என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா விளக்கியபோது, வாளிக்காரர் தன் மேலாளரை நினைத்துக்கொண்டு பணிவாகத் தலையாட்டினார்.

வாரம் ஒருமுறை நடைத்தேர்வு. இருபதடி ரப்பர் விரிப்பு, அடியில் காலடியை அளக்கும் கருவிகள், மறுமுனையில் ஆப்பிள் துண்டு, பக்கத்தில் வாளியோடு வாளிக்காரர். டாக்டரம்மா அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் கோடுகளைப் பார்ப்பார். கோடுகளுக்குக் காது கிடையாது. வினையெல்லாம் அங்கேதான் முளைத்தது.

ஒன்றரை வருஷமாகியும் அந்த ஆறும் அணிவகுப்புப் போல நடந்தன. "மரபணு வேலை செய்யல. மாசக் கடைசில ஆராய்ச்சிய மூடச் சொல்லிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. மூடுவதென்றால் பன்னிரண்டுக்கும் கடைசி ஊசி.

அவை ஏன் அப்படி நடந்தன என்று வாளிக்காரருக்குத் தெரியும்.

அவர் மனைவியின் அண்ணனுக்கும் அதே நோய். வீட்டோடு இருக்கிறார். அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சமையலறையிலிருந்து தங்கை தட்டில் கரண்டியால் டக், டக் என்று தட்டினால், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிடுவார். பன்றிகள் விரிப்பின் நடுவே காலைத் தூக்கியபடி திகைத்து நின்றபோது வாளிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வாளியில் தட்டினார். அவையும் நடந்தன.

சாயங்காலம் வீட்டில் போட்டு உடைத்தார்.

"சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

"சொன்னா வேலை போயிடும், மச்சான்."

"பன்னி பரீட்சையில காப்பியடிக்க உதவினதுக்குத் தூக்குலயா போடுவாங்க?"

"ஏங்க, அதை மூடிட்டா எங்கண்ணனுக்கு மருந்து யாரு கண்டுபிடிக்கிறது?" என்றாள் மனைவி. "நீங்களும் உங்க வாளியுமா?"

மறுநாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். "மேடம், அதுங்க நடக்கல. நான்தான் நடக்க வெச்சேன்."

வாளியை வராந்தாவில் வைத்துவிட்டுத் தேர்வு நடந்தது. ஏழாம் எண் பன்றி பாதி வழியில் நின்றது நின்றதுதான். எதிரே ஆப்பிள், முன்னங்கால் அந்தரத்தில். ஆறும் அப்படியே நின்றன. டாக்டரம்மா வாளியைக் கொண்டுவரச் சொன்னார். டக், டக். ஏழாம் எண் போய் ஆப்பிளைத் தின்றது.

டாக்டரம்மா பத்து நிமிஷம் திட்டினார். பதினோராவது நிமிஷம் நோட்டைத் திறந்தார்.

"நிமிஷத்துக்கு எத்தனை தட்டு?"

"அதை என் சம்சாரத்தைத்தான் கேக்கணும், மேடம்."

ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருஷம் கிடைத்தது. வாளிக்காரருக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கையும், சத்தமே வராத பிளாஸ்டிக் வாளி ஒன்றும் கிடைத்தன. பழைய வாளி கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. அதன் வயிற்றில் 'ஒலித்தூண்டல் கருவி, எண் 1' என்று சீட்டு. இருபது வருஷம் தூக்கிச் சுமந்தவர் இப்போது அதைத் தொட மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எச்சரிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதவி உயர்வு வாங்கியவர்போல வீட்டுக்கு வந்தார்.

கதையைக் கேட்டுச் சிரித்தபடி எழுந்த மச்சான் வழக்கம்போல வாசலில் ஒட்டிக்கொண்டார்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கிற?" என்றார் தங்கையிடம். "கருவி எண் ரெண்டை எடு."

அவள் தட்டினாள். அவர் சாப்பிட வந்தார்.