வெயில் தொத்தாது என்றார் டாக்டர் நசீமா

கொரோனா காலத்தில் எங்கள் பகுதித் தன்னார்வலர்களுக்காக டாக்டர் நசீமா தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் வருஷக்கணக்காக யாரும் எதுவும் எழுதியதில்லை. அதில்தான் அவருடைய மகன் எழுதியிருந்தார்: "அம்மா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலி."

குழுவில் இருந்த உங்களுக்கு நினைவிருக்கும். தேனாம்பேட்டையில் தன் சின்ன கிளினிக்கின் வாசலில் நின்றபடி நம்மை வீடு வீடாக அனுப்புவார். காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு வருவோம். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோனோம். "இவ்ளோ பேர் ஒண்ணா ஓடுறோம்ல? இனிமே எது வந்தாலும் சமாளிச்சிடலாம்" என்றார். அப்படித்தான் நாமும் நம்பினோம்.

பிறகு ஒரு கத்திரி வெயிலில் மறுபடி கூப்பிட்டார். வருஷா வருஷம் சூடு ஏறுகிறது, தகரக் கூரை வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களை மதியத்தில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். வந்தவர்கள் மிகக் குறைவு. கொரோனாவில் ராப்பகலாக உழைத்த ஆட்டோ சேகர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா டாக்டரம்மா, வெயிலு இன்னா தொத்து வியாதியா?"

"தொத்தாது சேகர். அதான் கஷ்டமே. அன்னிக்குப் பக்கத்து வீட்ல இருமினா நமக்கும் வந்துடும்னு பயந்து, ஓடி ஓடிப் போய்ப் பாத்தோம். இப்ப அவங்க வெயில்ல செத்தா, நாம கதவைச் சாத்திட்டு ஏசியைக் கூட்டி வச்சுக்குவோம்."

அந்த மே மாதமே பூக்காரம்மா கிருஷ்ணவேணி தகரக் கூரைக்கு அடியில் இறந்து கிடந்தார். முதலில் பார்த்தவர் டாக்டர்தான். வயசாகிவிட்டது என்றார்கள் எல்லோரும். வெயில்தான் கொன்றது என்று அவர் ஒருவர் மட்டும் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களிடம், அடுத்த வீட்டையாவது போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினார். பந்தல் பிரித்ததும் கூட்டம் கலைந்தது.

அதற்கடுத்த கோடைகளில் குடையோடு தனியாகவே போனார்.

போன மாதம் பார்த்தபோது, "தோத்துட்டேன்பா. கொரோனா கத்துக் குடுத்துடுச்சுன்னு நெனச்சேன். பயம் போனதும் எல்லாம் போயிடுச்சு" என்றார்.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். மரநிழலில் ஒதுங்கி நின்று, கொரோனாவில் அவர் செய்ததைப் பேசினார்கள். வெயிலைப் பற்றி அவர் சொன்னதை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மதியங்களில் எங்கள் மொட்டைமாடி அறையில் தனியாக இருக்கும் பெரியவரின் கதவைத் தட்டி, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கிறேன். இதனால் இந்த ஊரின் சூடு இம்மியும் குறையப்போவதில்லை. பெரியவர் எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். அவ்வளவுதான்.