தொழுகை அறையில் ஒளிந்திருந்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாக யோசித்துவிட்டேன். இரண்டு தடவை நோட்டில் எழுதி, கிழித்தும் போட்டேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்தெல்லாம் எனக்கு வராது. ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை, வெட்கம். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

அப்போதும் நாங்கள் அஜ்மானில்தான் இருந்தோம். வீட்டுக்காரர் சின்னதாக மொபைல் கடை வைத்திருந்தார். நானும் பிள்ளைகளும் அவர் விசாவில் இருந்தோம். ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் ஓரளவு பேசுவேன். ஷார்ஜாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வகுப்புக்கு உதவியாளர் வேண்டும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். பாடம் எடுப்பது டீச்சர். வாசிக்கத் தடுமாறும் நாலைந்து பிள்ளைகளைப் பின்வரிசையில் உட்கார வைத்து வாசிக்கவும் பேசவும் பழக்குவது என் வேலை. எல்லாம் ஒன்பதாம் வகுப்பு அரபுப் பிள்ளைகள். துளி பயம் கிடையாது.

"மிஸ், நீங்க பேசினா எங்க தெரு மளிகைக் கடைக்காரர் பேசற மாதிரியே இருக்கு" என்று ஒருத்தி இங்கிலீஷிலேயே சொல்வாள்.

"அவர்கிட்டயாவது நீ இங்கிலீஷ் பேசறியா? வாசி, வாசி" என்பேன். சிரித்துக்கொண்டே வாசிப்பாள்.

என்னைப் போல இன்னொரு உதவியாளரும் இருந்தாள். அரியலூர்ப் பக்கத்து இந்துப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவள், புருஷன் விசாவில் வந்தவள். எங்கள் இருவருக்குமே வேலை பார்க்கும் அனுமதி அட்டை இல்லை. இதோ எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே பள்ளியில் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். பிடிபட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். பள்ளி வாசலில் புது வண்டி நின்றால் யாருடையது என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அன்று மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். சூப்பர்வைசர் அம்மா வியர்க்க விறுவிறுக்க வந்தார். பம்பாய்க்காரர். "செக்கிங்! ஜல்தி, ஜல்தி!" என்று எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டுபோய் மாடியில் பெண்கள் தொழுகிற அறைக்குள் விட்டார். யாராவது கேட்டால் பிள்ளைக்கு அட்மிஷன் கேட்க வந்த அம்மாக்கள் என்று சொல்லச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, எனக்குப் புள்ளையே இல்ல. எந்த கிளாசுன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றாள் அவள்.

"என் புள்ளையில ஒண்ண எடுத்துக்க. வீட்ல மூணு கெடக்கு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. அப்புறம் படியில் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. அது எங்கள் பள்ளி டீச்சர்கள் நடை இல்லை.

அலமாரியில் தலையோடு உடம்பை மூடும் வெள்ளை மக்கனாக்கள் இருந்தன. ஒன்றை எடுத்து அவள் தலையில் மாட்டினேன். "பொட்ட எடு. பக்கத்துல நில்லு. நான் செய்யிறதச் செய்யி."

"அக்கா, இது தப்பில்லையா?"

"தப்புத்தான். நில்லு."

நான் தக்பீர் சொல்லிக் கையைக் கட்டித் தொழ ஆரம்பித்ததும் கதவு திறந்தது. தொழுகைக்கு நிய்யத், அதாவது மனதில் எண்ணம், வேண்டும். அன்று என் மனதில் இருந்த ஒரே நிய்யத், மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான். கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் உள்ளே வந்து, கையிலிருந்த ஃபைலை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு என் தோழிக்கு அந்தப் பக்கம் நின்றார். செக்கிங்குக்கு வந்த அதிகாரி. நடுவில் அவள். அவள் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. நான் குனிந்து ஒரு நொடி கழித்துத்தான் அவள் குனிந்தாள். சுஜூதில் நெற்றியை வைத்தபோது அவள் கண்ணாடி வளையல் தரையில் பட்டுச் சத்தம் போட்டது. என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. நான்கு ரக்அத் தொழ வேண்டும், மூன்று தொழுதேனா நான்கா என்பதும் தெரியாது.

அந்த அம்மா ஸலாம் கொடுத்து முடித்ததும், தொழுகை ஏற்கப்படட்டும் என்று அரபியில் சொல்லி அவளிடம் கை நீட்டினார். அவள் கையைப் பிடித்தாள். "டீச்சர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அவள் மக்கனாவைக் கழற்றிவிட்டாள்.

"இல்ல மேடம். இங்கிலீஷ் வகுப்பு உதவியாளர்கள். கார்டு மாஃபி, கார்டு இல்ல. நான் இந்து. ஒளிஞ்சிருந்தேன். ஸாரி" என்று அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீயுமா?"

தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் பேரை எழுதிக்கொண்டார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "கலாஸ், முடிஞ்சது. வீட்டுக்குப் போங்க."

படி இறங்கும்போதே அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம்டி பண்ணிட்ட?"

"உங்க சாமி முன்னாடி நின்னுட்டு, அந்த எடத்துலயே எப்படிக்கா பொய் சொல்றது? எனக்கு வாய் வரல."

"ஒனக்கென்ன, புள்ளையா குட்டியா! எனக்கு மூணு இருக்கு!"

அவள் எனக்கு முன்னால் படி இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் போன் அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. தண்டனை பள்ளிக்குத்தான். வேலை இரண்டு பேருக்குமே போனது. அவள் நம்பரை நான் பிளாக் செய்துவிட்டேன். அடுத்த மாதம் ஊரோடு போகிறாள் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தக் கதை பள்ளியிலிருந்து வாய்வழியாக, ஆள் மாறிப் பரவியது. எங்கள் கட்டிடத்தில் பெண்களுக்கு வாராவாரம் மார்க்க வகுப்பு நடக்கும். "தொழுது முடிச்ச கையோட உண்மையைச் சொல்லி வேலையை விட்ட சகோதரி இதோ நம்ம பக்கத்துலயே இருக்காங்க" என்று ஒரு நாள் வகுப்பு எடுக்கும் உஸ்தாது அம்மா என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். கூட இருந்த இந்துப் பெண் அன்றே கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்துவிட்டாள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். வாட்ஸப்பிலும் வந்தது. ஆறு வருஷமாக நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

போன வாரம் அதே வகுப்பில் எழுந்து, இதுவரை நோட்டில் எழுதியிருந்ததை வாசித்தேன். நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்து, அவளைக் கூப்பிட வேண்டும். எடுப்பாளோ மாட்டாளோ.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருக்காவது இதைச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், எனக்காகக் குறைக்கவும் வேண்டாம். அவள் மதம் மாறவில்லை. உண்மையைச் சொன்னவள் அவள், பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். எங்கள் இருவரையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.