டிராம் சபாபதியின் பாதி ரூட்

நாடாப்பேட்டையில் வந்து சபாபதி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டிராம் சபாபதி என்று கேட்டால் தெரு நாய்கூட வழி காட்டும். பக்கத்து டவுனான காஞ்சிபுரத்தில்கூட டிராம் ஓடியதே இல்லை. சென்னையில் ஓடியதையும் மூடிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அப்புறமும் ஒரு மனிதர் தன் ஊருக்கு டிராம் வேண்டும் என்று மனுப் போட்டால் பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

அவருடைய தொழில் சேலைக்கு டிசைன் வரைவது. கட்டம் போட்ட தாளில் மயிலும் மாங்காயும் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்துத் தறியில் பூ எழும். வாலிபத்தில் ஒரு தடவை சென்னைக்குப் போனவர், காலையிலிருந்து மாலைவரை டிராமிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போன காரியத்தை மறந்து ஊர் திரும்பினார். அந்த வண்டி திரும்புவதே கிடையாது, டிரைவர்தான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துபோய் ஓட்டுவார் என்பது அவருக்குத் தீராத அதிசயம். கருமாதி வீட்டில்கூட அதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்தத் தடவை டிராம் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. மகள் கமலாட்சி எட்டாவது பாஸ். மேலே படிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸோ ஐயம்பேட்டையோடு சரி. அங்கிருந்து ஊருக்கு ஏரிக்கரையோடு இரண்டு மைல், ஆள் அரவம் இல்லாத நடை. மனைவி தில்லையம்மாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"வண்டி நம்ம ஊருக்குள்ள வந்தா பள்ளிக்கூடம். வரலியா, என் தம்பிக்குக் கட்டிக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்."

தம்பிக்கு வயது இருபத்தெட்டு, உத்தியோகம் சீட்டாட்டம். சபாபதி அன்றைக்கே கட்டத்தாளை விரித்தார். ஒரு வாரம் சோறு தண்ணீர் கவனமில்லை. ஏரி நீலம், கரை பச்சை, வழி சிவப்பு. நடுவில் இருந்த புளியமரங்களைக்கூட எண்ணிப் போட்டார். நாடாப்பேட்டையில் கிளம்பிய சிவப்புக் கோடு டவுனில் போய் ஓர் அம்புக்குறியோடு நின்றது.

பஸ் ரூட்டுக்கு உத்தரவு கொடுக்கும் ஆபீசில் மனுவையும் படத்தையும் பார்த்த அதிகாரி சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"டிராமுக்கு நான் எங்கய்யா போவேன்? வேணும்னா பஸ்ஸுக்கு எழுதறேன். ஆனா ரூட்டு ஜோரா போட்டுக்கீறபா!"

டிராம் என்ற வார்த்தையை அடித்து பஸ் என்று எழுதினார். படத்தை அப்படியே உத்தரவோடு கோத்துவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றே பஸ் வந்துவிட்டது. ஊரே மாவிலை கட்டித் தேங்காய் உடைத்தது. கமலாட்சியை முன் சீட்டில் உட்கார வைத்துத் தானும் ஏறிக்கொண்டு டவுனில் இறங்கிய சபாபதி, கண்டக்டர் கோதண்டபாணியிடம் பெருமையாகக் கேட்டார்:

"சாயங்காலம் எத்தினி மணிக்குபா கெளம்பறோம்?"

"வண்டி அஞ்சரைக்குப் போவும். ராத்திரி உங்க ஊர்லதான் நிக்கும். ஆனா காலியாத்தான் போவும். அந்தப் பக்கம் ஆள் ஏத்த உத்தரவு இல்ல."

உத்தரவோடு கோத்திருந்த படத்தைக் கோதண்டபாணி எடுத்து நீட்டினார். அம்பு ஒரு பக்கம்தான் இருந்தது.

சபாபதி தலையில் கை வைத்தார். டிசைன்காரர்கள் பூவில் பாதியைத்தான் வரைவார்கள். மறு பாதியைத் தறி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். இருபது வருஷத்துக் கைப்பழக்கம், ரூட்டையும் பாதி வரைந்துவிட்டது. ஆபீசுக்கு ஓடினார். திருத்துவதற்குக் கமிட்டி கூட வேண்டுமாம். மூன்று மாதம் ஆகுமாம்.

மாலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டில் அவரும் கமலாட்சியும் ஊர்ப் பெண்கள் பத்துப் பேரும் காலி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தில்லையம்மாளின் தம்பி மாப்பிள்ளைக் கோலத்தில் சபாபதியின் கண்முன் வந்து போனான். டிரைவர் தேவசகாயம் சாவியைத் திருகினார். வண்டி இருமியது. மறுபடி திருகினார். இருமலும் நின்றது.

"தள்ளணும்பா," என்று கோதண்டபாணி சுற்றுமுற்றும் பார்த்தார்.

கமலாட்சி பாவாடையைத் தூக்கிச் செருகினாள். "நாங்க தள்றோம். ஏத்திக்கினு போவணும்."

"டிக்கெட் போட முடியாதும்மா!"

"டிக்கெட் யார் கேட்டாங்க? ஏரிக்கரைல நின்னுபோச்சின்னா யாருண்ணே தள்ளுவாங்க?"

கோதண்டபாணி தேவசகாயத்தைப் பார்த்தார். தேவசகாயம் வானத்தைப் பார்த்தார். சபாபதிக்கு மகளைக் கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது. அதற்கு நேரமில்லை, தள்ளினார்.

ஊரில் இறங்கியதும் தில்லையம்மாளுக்கு விஷயம் எட்டிவிட்டது. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வீட்ட உட்டுக் கெளம்பறவங்க யாராச்சும் போறேன்னு சொல்வாங்களா? போயிட்டு வரேன்னுதான சொல்வாங்க? நீங்க வெறும் போறேன்னு வரைஞ்சி குடுத்துட்டு வந்துருக்கீங்களே!"

கமலாட்சி கரி படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"வண்டி ஊருக்குள்ள வரணும்னுதான்மா சொன்ன. வந்துச்சா இல்லியா?"

தில்லையம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "மொதல்ல கைய கழுவு" என்றாள்.

மூன்று மாதமும் தள்ளினார்கள். நடுவில் பஸ் முதலாளி புது பேட்டரி போட்டார். அதுவும் காலையில் சமர்த்தாக இருந்து, சரியாக மாலை ஐந்தரைக்கு மக்கர் பண்ணியது. காரணம் கேட்டால் தேவசகாயம் வானத்தைப் பார்ப்பார்.

கமிட்டி கூடுவதற்கு முன் சபாபதி புதுப் படம் வரைந்தார். தில்லையம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தாளை வாங்கித் தரையில் வைத்து, நாடாப்பேட்டையில் விரலை ஊன்றி, ஏரிக்கரையோடு டவுன்வரை போனாள். அங்கிருந்து வழி தவறாமல் திரும்பி வீட்டில் வந்து நின்ற பிறகுதான் விரலை எடுத்தாள்.

"ம். இப்போ எடுத்துக்கினு போங்க."

"போயிட்டு வரேன்" என்று சபாபதி தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தத் தையில் தம்பிக்கு வெளியில் பெண் பார்த்தார்கள்.