கிருத்திகா பெயருக்கு நேரே பச்சை

சாமியப்பனுக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் பல வருஷம் நின்று, சாயங்காலம் கிளம்புகிறவர்களின் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து பார்த்தவர். பைக்குள் பனியன் கிடைத்த நாட்கள் குறைவு. அதற்காக மனிதர் ஒருநாளும் சோர்ந்ததில்லை. "இன்னிக்கு எடுக்கலைன்னா நாளைக்கு எடுப்பாங்க" என்பார். தங்கை வீட்டில் காபி கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் ஓனர் வேல்குமார் கூட்டிக்கொண்டுபோய் ஆபீசுக்குள் உட்கார வைத்தார். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு, ஆளுக்கொரு திரையும் டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியும் வைத்திருந்தார்கள். எல்லார் கம்ப்யூட்டரும் ஏசி ரூமில் இருக்கும் ஒரே சர்வருக்குள் ஓடின; மேசையில் தெரிவது அதன் முகம் மட்டும். பாஸ்வேர்டு போட்டால் வீட்டிலிருந்தும் உள்ளே வரலாம். யார் உள்ளே இருக்கிறார், யாருடையது எவ்வளவு மெமரி தின்கிறது என்பதெல்லாம் சாமியப்பனின் திரையில் பெயர் வாரியாக வரும். ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல், மெமரி மிஞ்சினால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் கோயமுத்தூர் எஞ்சினியருக்குப் போன் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாமியப்பன் அதோடு விடுகிற ஆளா? டீக்கு யார் போனார், எத்தனை நேரம் கழித்து வந்தார் என்பதையும் சேர்த்தே பார்த்தார். அவருக்கு அதுவும் ஒரு கேட்டுதான்.

பச்சையும் சாம்பலுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தபோது கிருத்திகாவுக்கு நிச்சயம் ஆனது. கிருத்திகா அங்கே மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் பேசி, சாம்பிள் அனுப்பி, விலை முடிக்கிறவள். மாப்பிள்ளை வீடு அருள்புரத்தில். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு பனியன் கம்பெனி. போதாதா! அன்றிலிருந்து சாமியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பெயருக்கு நேரே மெமரி கொஞ்சம் ஏறினால் இவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. பெரிய டிசைன் ஃபைலைத் திறந்தால் யாருக்கும் ஏறத்தான் செய்யும் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். அதெல்லாம் அப்போது ஞாபகம் வருமா? நேரே ஓனரின் கண்ணாடி ரூமுக்குப் போய் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. நம்ம வெலையெல்லாம் அருள்புரத்துக்குப் போயிருமோன்னு மனசுக்குள்ள ஒரு இதுங்க" என்றார்.

வேல்குமார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான் பாத்துக்கறேனுங்ண்ணா" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று அந்தக் கம்பெனியில் ஊசியைக்கூடத் தொடக் கூடாது. கறுப்புப் பெட்டிகளை எல்லாம் அணைத்து, ஒவ்வொரு சுவிட்சின்மேலும் சாமியப்பனே தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்தார். யாராவது போட்டால் பொட்டு கலைந்து காட்டிக்கொடுத்துவிடுமே! சர்வரை அணைக்க முடியாது, அதற்கு ஒரு பட்டை விபூதி. அவருடைய கண்காணிப்புத் திரையையும் அணைக்கவில்லை. காவலுக்கு ஏது லீவு? பொரி, கடலை, திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் தயாராக இருந்தன. ஓனர் வர வேண்டியதுதான் பாக்கி.

சும்மா இருக்க மாட்டாமல் சாமியப்பன் திரையை எட்டிப் பார்த்தார். எல்லாம் சாம்பல். ஒரே ஒரு வரி மட்டும் பச்சை. கிருத்திகா. மெமரியும் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அவள் பெட்டியைப் பார்த்தார். பொட்டு கலையாமல் இருந்தது.

"அம்மிணி, இங்க வா" என்று கூப்பிட்டார். செவ்வந்திச் சரத்தோடு வந்து நின்றாள்.

"உம் பொட்டி ஆஃபு. நீ இங்க நிக்கறே. அப்புறம் உள்ள இருக்கறது யாரு கண்ணு?"

"தெரியிலீங்களேண்ணா."

"பாஸ்வேர்டை மாப்பிள்ளைக்குக் குடுத்தியா?"

கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கிருத்திகாவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"தேதி வெச்சாச்சுங்ண்ணா. இத்தனை பேரு முன்னாடி என்னையத் திருடிங்கறீங்க. பொழுது சாயறதுக்குள்ள இது அருள்புரம் போய்ச் சேந்துரும், தெரியுமுங்களா?" அவள் திரையைக் கையால் காட்டினாள். "எங்கிருந்து உள்ள வந்திருக்காங்கன்னு அதுலயே இருக்குமில்லீங்க? தொறங்க. எல்லாரும் பாக்கட்டும்."

சாமியப்பனும் அதற்குத்தான் காத்திருந்தார். எங்கிருந்து வந்தாலும் திரை காட்டிவிடும். ஆபீஸ், ஓனர் ரூம், ஓனர் வீடு மூன்றுக்கும் எஞ்சினியர் பெயரே கொடுத்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் வெறும் நம்பராக வரும். நம்பர் வந்தால் ஆள் அகப்பட்டான். சாமியப்பன் அவள் வரிமேல் அமுக்கினார். நம்பர் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குள் பின்னால் நின்ற அக்கவுண்ட்ஸ் தரணி வாய்விட்டே படித்துவிட்டாள்.

"ஓனர் ஊடுன்னு வருதுங்க!"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி சாம்பலாயிற்று. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டி சரசரக்க வேல்குமார் காரிலிருந்து இறங்கினார்.

கிருத்திகா அவர் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், எம்பட பேருல நீங்கதான் உள்ள போனீங்களா?"

அவர் சிரித்துச் சமாளித்தார். "சர்வர் என்னுது கண்ணு. எல்லார் பாஸ்வேர்டும் எங்கிட்ட இருக்குது."

"இருக்கட்டுங்க. ஏதாச்சும் கெடச்சுதுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சாமியப்பண்ணன் சொன்னாரு, அதான் ஒரு எட்டு பாத்தேன்."

அடப் பாவி மனுஷா! அத்தனை கண்ணும் சாமியப்பன் பக்கம் திரும்பியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. கிருத்திகா செவ்வந்திச் சரத்தை அவர் மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேருமா பூஜையப் பண்ணிக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டாள். பொரிகூட வாங்காமல் போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு வேல்குமார் போன் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்தது. யாரும் சாமியப்பனோடு டீ குடிக்க வரவில்லை. தனியாகப் போய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், திரையின் அடிவரை பார்த்தார். கடைசி வரி அவருடையது. கண்காணிப்புத் திரை போக, மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அதில் பேரன் போட்டோவைத் தவிர ஒன்றும் கிடையாது. தன் வரியை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அது பச்சையாக இருந்தது.

குனிந்து பெட்டியைப் பார்த்தார். பூஜைக்கு வைத்த பொட்டு காய்ந்து, கலையாமல் சுவிட்சின்மேல் இருந்தது. வரியை அமுக்கினார். 'ஓனர் ரூம்' என்று வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேல்குமார் கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியப்பன் தன்னையறியாமல் மேசைக்கடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டார்.

சற்று நேரத்தில் கண்ணாடி ரூம் கதவு திறந்தது. "என்னங்ண்ணா, எல்லாஞ் சரியா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. செவப்பு ஒண்ணுமில்லீங்க" என்றார் சாமியப்பன்.