குடை வந்த வழி

மலைக்குப் பார்சல் கொண்டுவரும் அந்தப் பெண்ணை வெள்ளிமலைச் சந்தையில் பார்த்தேன். கழற்றாத ஹெல்மெட், ரப்பர் செருப்பு, பேட்டரி ஸ்கூட்டர் நிறையப் பெட்டிகள். என் குடை ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டை போடத்தான் போயிருந்தேன்.

"வூடு வூடா ஏறுனா பாதி வழியிலயே சார்ஜ் பூடும் சார். பெட்ரோல் வண்டின்னா எம்மாம் பொகை! அதான் சந்தைக்கு எல்லாரும் வராங்களே."

வருகிறவர்களிடம் ஊர் கேட்டு, அந்தப் பக்கத்துப் பெட்டியைக் கையில் திணிப்பது அவர் வழக்கம். உரியவர்களிடம் முன்பே போனில் சம்மதம் வாங்கிவிடுவாராம்; நானும் ஏதோ நினைப்பில் 'சரி, சரி' என்றிருந்தேனாம்.

"என் குடை?"

"அது அப்பவே கெளம்பிடுச்சு. நீங்க இன்னா, கைய வீசிக்கினு போறீங்க? இத்த எடுத்துக்கினு போங்க சார்."

மூன்று பெட்டிகள். முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், அடுத்த வீட்டில் பலாச்சுளை. மூன்றாவது வீட்டு அம்மா, பெட்டியைப் பிரித்ததும் புதுச் செருப்போடு வாசலை இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

என் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் தொப்பலாக நனைந்து நின்றார். குடைப் பெட்டி மட்டும் நனையாமல் அவர் சட்டைக்குள் இருந்தது. பிரித்து, முதலில் அவர் தலைக்குத்தான் பிடித்தேன்.

அடுத்த சந்தையில் எனக்குப் பார்சல் எதுவும் இல்லை. இருந்தும் போய், அந்தப் பெண்ணின் முன் இரு கைகளையும் நீட்டி நின்றேன்.