இரண்டு கிரீடம் போட்ட போர்டு

உலகத்துக்கே அழகி எடுக்கிற போட்டி இரண்டு இருக்கிறது. மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்றுக்கொன்று ஆகாது. இதில் சேர்ந்தவள் அதன் வாசல் பக்கம் போகக்கூடாது.

நான் சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகள் தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். என்னைவிட உயரம்.

சாரல் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் ஒரு போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். கூடப் போனேன். மகள் மூன்றாவதாக வந்தாள். முதல் ஆளுக்கு மட்டும்தான் மேலே போக வழி. ஆனாலும் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கு முன்னால் எனக்கு யாரும் போர்த்தியதில்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு போட்டியை நடத்துகிறவர்கள் ஆள் எடுக்கத் தென்காசிக்கு வந்தார்கள். அதில் மகள் முதலாவதாக வந்தாள். அடுத்து சென்னை. அங்கே ஜெயித்தால் வடக்கே. அதற்கும் மேலே வெளிநாடு. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பழைய போட்டியோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் பேரோடு இவள் படம் எங்கும் வரக்கூடாது. மகள் வாசித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டேன். அது அவர்களுக்குள்ளே உள்ள சண்டை என்று நினைத்தேன்.

தெருக்காரர்கள் போர்டு வைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் காதுகுத்தோ, போலீஸ் வேலை கிடைத்ததோ, எதற்கும் பிளெக்ஸ் போர்டு உண்டு. நமக்குச் செய்தவர்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக் காதுகுத்துப் போர்டில் தாய்மாமன் படம் விட்டுப்போயிற்று. அந்த மனிதர் அதற்கப்புறம் அவர்கள் வீட்டுப்படி ஏறவில்லை.

பிளெக்ஸ் கடைக்காரர் கேட்டார்: “எந்தப் போட்டி கிரீடத்தப் போட அண்ணாச்சி?”

“ரெண்டையும் போடும்வே. பேரையும் போடும்.”

“தல ஒண்ணுதான இருக்கு?”

“ஆளுக்கொரு பக்கம் வையும். பொன்னாட போட்டவுகள விட்டா நல்லாயிருக்குமா?”

மகளிடம் கேட்கவில்லை. கடையில் தீபாவளிக் கூட்டம். அவள் வீட்டுக்கு வரவே நேரமாகும்.

தெரு முக்கில் போர்டைக் கட்டினோம். பார்த்தவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மகள் வேலையிலிருந்து பாதியில் வந்தாள்.

“யப்பா, அவங்க பேரப் போடச் சொன்னது யாரு?”

“நாந்தான்.”

“வாசிச்சுக் காட்டுனேம்லா.”

“காட்டுன.”

வீட்டுக்காரி உள்ளேயிருந்து, “இவுகளுக்கு அதெல்லாம் என்னட்டி தெரியும்?” என்றாள்.

“தெரியாதுன்னா கேட்டிருக்கலாம்லாம்மா” என்றாள் மகள்.

போனை வாங்கி, அவளைக் கூப்பிட்டிருந்த சென்னைப் போட்டிக்கார மேடத்திடம் நானே பேசினேன்.

“போர்டு நான் வச்சது மேடம். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இப்பமே அவுத்துருதேன்.”

“புரியுது சார். ஆனா அவங்க அந்தப் படத்த எடுத்து, எங்க பொண்ணுன்னு போட்டுட்டாங்க. எல்லாரும் பாத்தாச்சு. ரெண்டாவது வந்த பொண்ணத்தான் அனுப்புறோம்.”

“எனக்குப் பொன்னாட போட்டாங்க மேடம். அதுக்குத்தான்.”

“சாரி சார்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் குற்றாலத்துப் போட்டிக்காரர் போனில் கூப்பிட்டார். அடுத்த வருஷம் நேரே அவர்களுடைய சென்னைப் போட்டிக்கு வரலாமாம். மகள் என் பக்கத்தில் நின்றுதான் பேசினாள்.

“மூணாவதா வந்தவள இப்ப எதுக்கு சார் கூப்பிடுதீங்க?”

அவர் என்னவோ சொன்னார். அவள் முடியவிடாமல் வைத்துவிட்டாள்.

“போகலாம்லா?” என்றேன்.

“அவங்களுக்கு நான் வேண்டாம்ப்பா. மத்த போட்டிக்காரங்கள ஜெயிக்கணும், அவ்வளவுதான்.”

போர்டை அவிழ்த்தேன். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை.

சென்னைப் போட்டிக்கென்று அவள் முன்பே கடையில் லீவு சொல்லி வைத்திருந்தாள். அந்த நாளும் வந்தது. லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். எப்போதும்போல் தலை சீவி, பொட்டு வைத்து, ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

“சோறு எடுத்துக்கிட்டியாம்மா?”

“எடுத்துக்கிட்டேன்.”

நான் மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு வெங்காய லாரி நின்றது. மத்தியானம் வரைக்கும் இறக்கினோம்.